நீனா ஹோஸ் சினிமாவில் வாய்ப்பில்லாமல் நாடகத்துக்குப் போனவரா?

நீங்கள் கேட்டது இது: 'ஹோம்லேண்ட்' தொடரில் ஜெர்மன் உளவுத்துறை அதிகாரி ஆஸ்ட்ரிட்டாக வந்தவரை, பிறகு 'ஃபீனிக்ஸ்' படத்தில் கதாநாயகியாகப் பார்த்து ஆடிப்போனீர்கள். யார் என்று தேடினால் பெர்லின் நாடக அரங்கு ஒன்றின் நடிகர் பட்டியலில் பெயர் இருந்திருக்கிறது. "இவ்வளவு திறமை இருந்தும் சினிமாவில் வாய்ப்பு குறைந்துபோய், டிவி, நாடகம் என்று ஒதுங்கிவிட்டாரா? ஏன் துணைப் பாத்திரம்?" இது ஜெர்மன் நடிகை நீனா ஹோஸைப் பற்றிய கேள்விதான் என்றாலும், அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. பெரிய திரை உச்சியில், சின்னத்திரை அதற்குக் கீழே, மேடை எங்கோ ஓரத்தில் என்று நாம் மனதில் போட்டு வைத்திருக்கும் வரிசை ஜெர்மனியிலும் அப்படித்தானா என்று கேட்கிறீர்கள். இல்லை. அங்கே அந்த வரிசையே வேறு. அதைப் புரிந்துகொண்டால் அவருடைய வாழ்க்கைப் பாதையில் ஒதுங்கல் எதுவும் இல்லை என்பது தெரிந்துவிடும்.

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாடகம் படித்தவன். பெர்லினில் பல வருடங்களாக நாடகங்களுக்கு மேல்வசனம் ஓட்டுகிறேன். அதாவது மேடைக்கு மேலே உள்ள திரையில் ஓடும் ஆங்கில வரிகளை, நடிகர் பேசப் பேசப் பின்னால் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து பொத்தான் அழுத்தி மாற்றும் வேலை. ஹோஸோடு நான் வேலை செய்ததில்லை. அவரை மேடையில் பார்த்ததெல்லாம் டிக்கெட் வாங்கித்தான். ஆனால் அவர் வளர்ந்த அந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன்.

ஹோஸ் 1975இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். அம்மா ஹைடமரி ரோவெடர் நாடக நடிகை. பின்னாளில் எஸ்லிங்கன் நகர நாடக அரங்கின் இயக்குநரானவர். அப்பா வில்லி ஹோஸ் டைம்லர் கார் தொழிற்சாலையில் வெல்டர், தொழிற்சங்கக்காரர், பசுமைக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். வீட்டில் ஒரு பக்கம் ஒத்திகை, மறுபக்கம் கூட்டம், துண்டறிக்கை. ஏழு வயதிலேயே வானொலி நாடகத்தில் குரல் கொடுத்தார், பதின்மூன்று பதினான்கு வயதில் மேடை ஏறிவிட்டார்.

1996இல், இருபத்தொரு வயதுக்குள், நாடு முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார். அதுவும் டிவியால். சாட்.1 என்ற தனியார் சேனலுக்காகத் தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐஷிங்கர் தானே இயக்கிய படம் 'தாஸ் மேட்ஷன் ரோஸ்மரி'. 1957இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் கொலையுண்ட ரோஸ்மரி நிட்ரிபிட் என்ற பெண்ணின் கதை. பணக்காரத் தொழிலதிபர்களோடு பழகிய பாலியல் தொழிலாளி. கொலையாளி யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஐம்பதுகளின் ஜெர்மனியை உலுக்கிய வழக்கு. அந்தப் பாத்திரத்தில் பேர் வாங்கிய ஒரு இளம்பெண் அடுத்து என்ன செய்வார்? வரிசையாகப் படம் ஒப்புக்கொள்வார் என்றுதான் நாம் நினைப்போம். இவர் பெர்லினில் எர்ன்ஸ்ட் புஷ் நடிப்புப் பள்ளியில் படிப்பை முடிப்பதில் குறியாக இருந்தார். 2000இல் முடித்தார். அதற்கு முன்பே, 1998இல், பெர்லின் நாடக அரங்கான டாய்ச்சஸ் தியேட்டரில் சேர்ந்துவிட்டார்.

எர்ன்ஸ்ட் புஷ் பள்ளியின் வேர் 1905இல் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் டாய்ச்சஸ் தியேட்டரோடு சேர்த்துத் தொடங்கிய பள்ளியில் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி காலத்தில் அது அந்த நாட்டின் முதன்மையான நடிப்புப் பள்ளி. நான்கு வருடப் படிப்பு: குரல், உடல், வாள்வீச்சு, செய்யுள் பேசுவது, அதன் பிறகுதான் பாத்திரம். ஹோஸ் படித்த அதே காலத்தில் அங்கே நடிகர் லார்ஸ் ஐடிங்கரும் படித்தார், சாண்ட்ரா ஹூலரும் படித்தார். 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' பார்த்தவர்களுக்கு ஹூலரைத் தெரிந்திருக்கும். அந்தச் சில வருடங்களில் அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்று யாராவது தனியாக எழுத வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் அரசு மானியத்தில் இயங்கும் நாடக அரங்குகள் சுமார் 140 இருக்கின்றன. செலவில் பெரும்பகுதியை நகர, மாநில அரசுகள் தருகின்றன. டிக்கெட் வசூல் சிறு பங்குதான். பெரும்பாலான அரங்குகளுக்குச் சொந்தமாக ஒரு நடிகர் குழு உண்டு. அந்த நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்கள். ஒவ்வொரு இரவும் வெவ்வேறு நாடகம். இன்று கிரேக்கத் துன்பியல், நாளை செகாவ், மறுநாள் இப்போது எழுதப்பட்ட ஏதோ ஒன்று. நள்ளிரவில் ஆட்கள் செட்டைப் பிரித்து லாரியில் ஏற்ற, காலையில் அடுத்தது ஏறும். ஒரே நடிகைக்கு ஒரு பருவத்தில் நான்கைந்து பாத்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் அடுத்த நாடகத்தின் ஒத்திகை வேறு. சினிமாவோ டிவியோ செய்ய வேண்டுமென்றால் அரங்கத்திடம் அனுமதி வாங்கித் தேதி ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பகலில் ஷூட்டிங் முடித்து நேராக மேக்கப் அறைக்கு ஓடி வரும் நடிகர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆக அங்கே நாடகம்தான் வேலை, சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம். சினிமாவும் டிவியும் அதைச் சுற்றி நடப்பவை. டாய்ச்சஸ் தியேட்டர், பெர்லினின் இன்னொரு அரங்கான ஷௌபூனே மாதிரி ஒரு குழுவில் இடம் கிடைப்பதை அங்கே யாரும் ஒதுங்கியதாகச் சொல்ல மாட்டார்கள். அந்த நாட்டு நடிகருக்கு அதுதான் உயரம்.

இன்னொரு நுணுக்கம். மேடை நடிகர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். நீட்டிக்காவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரே அரங்கில் பதினைந்து வருடம் ஆகிவிட்டால் அப்படி வெளியேற்ற முடியாது. ஹோஸ் டாய்ச்சஸ் தியேட்டரில் இருந்தது 1998 முதல் 2013 வரை. பதினைந்து வருடம்! கணக்குப் போட்டுக் கதை கட்டுபவர்கள் உண்டு. நான் அதற்கு வரவில்லை. பாதுகாப்பு வரும் நேரத்தில் கிளம்பினார் என்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிற செய்தி.

அந்தப் பதினைந்து வருடத்தில் இரண்டு பாத்திரங்களைச் சொல்லாமல் விட முடியாது. 2001இல் மிஷாயேல் தால்ஹைமர் இயக்கிய, ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங்கின் 'எமிலியா கலோட்டி'. 1772இல் எழுதப்பட்ட நாடகம். தால்ஹைமர் அதைச் சுமார் ஒன்றேகால் மணி நேரத்துக்கு வெட்டிச் சுருக்கினார். உயரமான மரச்சுவர்கள், வேறு எதுவும் இல்லாத மேடை, 'இன் த மூட் ஃபார் லவ்' படத்தின் அந்த வால்ட்ஸ் இசை திரும்பத் திரும்ப. ஹோஸுக்கு அதில் தலைப்புப் பாத்திரம் இல்லை. அவர் ஓர்சீனா சீமாட்டி. இளவரசன் சலித்து ஒதுக்கிய காதலி, மூலநாடகத்தில் நான்காம் அங்கத்தில்தான் வருகிறாள், எமிலியாவின் அப்பா கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். வருவது கொஞ்ச நேரம், நாடகத்தைத் திருப்பிவிடுவது அவள்தான். உங்கள் "ஏன் துணைப் பாத்திரம்?" என்ற கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. குழு நாடகத்தில் இன்று நாயகி, நாளை நாலாவது அங்கத்துச் சீமாட்டி. அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இரண்டாவது, 2006இல் பார்பரா ஃப்ரை இயக்கிய 'மெடியா'. குழந்தைகளைக் கொன்ற தாய். அதற்காக அவருக்குக் கெர்ட்ரூட் ஐசோல்ட் மோதிரம் கிடைத்தது. ஜெர்மன் மொழி மேடையில் நடிகர்களுக்குக் கிடைக்கும் பெரிய அங்கீகாரங்களில் ஒன்று. 2005, 2006 கோடைகளில் சால்ஸ்பர்க் விழாவில் 'யேடர்மன்' நாடகத்தின் காதலியாகவும் நின்றார். அது மிகச் சிறிய பாத்திரம். ஆனால் இந்த வருடம் யார் அந்தக் காதலி என்பது ஆஸ்திரியாவில் தலைப்புச் செய்தி. அவர்களுக்கு அது ஒரு திருவிழா.

மேடைக் கலைஞரைப் பற்றி எழுதும்போது எல்லாருக்கும் வரும் கஷ்டம் எனக்கும் உண்டு: படத்தை நீங்கள் போட்டுப் பார்த்து நான் சொல்வது சரியா என்று சோதிக்கலாம், அந்த மெடியாவை இனி யாரும் பார்க்க முடியாது. மேடையைப் பற்றி நான் சொல்வதை ஒரு பார்வையாளனின் சாட்சியம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி டிவி. நம் ஊரில் சீரியல் என்றாலே ஒரு மாதிரியான முகச்சுளிப்பு. ஜெர்மனியில் தரமான கலைப்படங்களில் பெரும்பகுதி பொதுத்துறைச் சேனல்களின் பணத்தில்தான் வந்திருக்கிறது. ஏஆர்டி, இசட்டிஎஃப் இரண்டும் வீட்டுக்கு வீடு வசூலிக்கும் கட்டணத்தில் நடப்பவை. இப்போது மாதம் 18.36 யூரோ. படத் தயாரிப்பில் அந்தச் சேனல்கள் பங்கு போடுவதற்கான ஒப்பந்தம் 1974இலேயே வந்துவிட்டது. அதனால் டிவிக்காக எடுத்தது, தியேட்டருக்காக எடுத்தது என்ற கோடு அங்கே மங்கல். இயக்குநர் கிறிஸ்டியான் பெட்ஸோல்டும் ஹோஸும் முதலில் சேர்ந்தது டிவி படத்தில்தான்: 'டோட்டர் மன்', 2001. ஒரு வக்கீல் நீச்சல் குளத்தில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். அவள் திடீரென்று காணாமல் போகிறாள், அவனுடைய லேப்டாப்பும் கூடவே. அடுத்தது 'வோல்ஃப்ஸ்பர்க்', 2003: குழந்தையை மோதிவிட்டு ஓடிய காரைத் தேடும் தாய், அவளிடமே நெருங்கிப் பழகத் தொடங்கும் அந்த டிரைவர். இரண்டுக்குமே கிரிம்மே விருது கிடைத்தது. அது தொலைக்காட்சிக்காக மார்ல் நகரத்தில் கொடுக்கப்படும் விருது. டிவி உலகத்தில் அதைவிட மதிப்பானது ஜெர்மனியில் கிடையாது.

பிறகு 'யெல்லா' 2007, 'யெரிஷோ' 2008, 'பார்பரா' 2012, 'ஃபீனிக்ஸ்' 2014. மொத்தம் ஆறு படங்கள். 'யெல்லா'வுக்கு பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி. 'பார்பரா'வுக்கு அதே விழாவில் இயக்குநருக்கான வெள்ளிக் கரடி. 'பார்பரா' 1980இன் கிழக்கு ஜெர்மனியில் நடக்கிறது. நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பித்த குற்றத்துக்காகப் பால்டிக் கடலோரத்துச் சின்ன ஊர் மருத்துவமனைக்குத் தூக்கியடிக்கப்பட்ட பெண் டாக்டர். முதல் காட்சியைக் கவனியுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். வேலை தொடங்க நேரம் இருக்கிறது. உள்ளே போகாமல் பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள். மாடி ஜன்னலிலிருந்து சக டாக்டரும் உளவுத்துறைக்காரரும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே பார்க்கிறார்கள். ஒரு நிமிடம்கூட முன்கூட்டி உள்ளே வரமாட்டாள் என்பதுதான் பேச்சு. அவள் வாயே திறக்கவில்லை. ஆனால் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகு எப்படி இருக்கும் என்பது அந்த உட்காரலில் இருக்கிறது.

'ஃபீனிக்ஸ்' கடைசிக் காட்சி உங்களை உலுக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) ஆஷ்விட்ஸிலிருந்து தப்பி வந்த பாடகி நெல்லி. சிதைந்த முகத்தை அறுவை சிகிச்சையில் மாற்றியிருக்கிறார்கள். கணவன் ஜானிக்கு இவள்தான் தன் மனைவி என்று தெரியவில்லை. மனைவி போலவே இருக்கும் யாரோ என்று நினைத்து, சொத்துக்காக மனைவியாக நடிக்கச் சொல்கிறான். கடைசியில் உறவினர்கள் முன்னால் அவனைப் பியானோ வாசிக்கச் சொல்லி 'ஸ்பீக் லோ' பாடுகிறாள். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன குர்ட் வைல் 1943இல் அங்கே இசையமைத்த பாட்டு அது. முதல் வரிகள் பாட்டே இல்லை, பேச்சுக்கும் முனகலுக்கும் நடுவில் கரகரப்பாக ஏதோ. அவன் பாட்டுக்கு வாசிக்கிறான். மெல்ல மெல்லக் குரல் பிடிபடுகிறது. அவள் முன்னங்கையில் பச்சை குத்திய எண் அவன் கண்ணில் படுகிறது. அவன் விரல்கள் நிற்கின்றன, அவள் நிறுத்தவில்லை. துணையில்லாமல் அந்த வரியை முடித்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். கேமரா அவளைத் தெளிவில்லாமல் விட்டுவிடுகிறது. அழுகை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. குரல் எந்த இடத்தில் உடைய வேண்டும், எந்த இடத்தில் நிமிர வேண்டும் என்ற கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கு பயிற்சி இல்லாமல் வராது.

இந்த அடக்கம் மேடை கொடுத்ததா? இங்கேதான் உறுதியானதையும் என் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். செய்யுள் வசனத்தை மூச்சு முறியாமல் இரண்டு மணி நேரம் தாங்கும் குரல் மேடையின் கொடை, இதில் சந்தேகமில்லை. மேடை நடிகர்கள் கேமரா முன்னால் மிகையாக நடிப்பார்கள் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டே, அது இவர் விஷயத்தில் பொய் என்பதும் நிச்சயம். அதற்கு மேல் நான் சொல்லப்போவது என் வேலையிலிருந்து வந்த ஊகம். மேல்வசனம் ஓட்டுபவனுக்கு நல்ல நடிகர்கள்தான் தலைவலி. சுமாரான நடிகர் ஒவ்வொரு இரவும் ஒரே இடத்தில் மூச்சு விடுவார். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தலாம். நல்ல நடிகர் எதிரில் இருப்பவர் இன்று எப்படிச் சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். இடைவெளி இன்று நீளும், நாளை குறுகும். திரையில் ஹோஸிடம் நான் பார்ப்பது அந்தக் கேட்கும் பழக்கத்தைத்தான். ஆனால் அதில் பெட்ஸோல்டின் பங்கு எவ்வளவு, எடிட்டிங்கின் பங்கு எவ்வளவு என்று யாராவது வாதிட்டால் எதிர்த்துச் சாதிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த ஆறு படங்களைத் தாண்டி வேறு இயக்குநர்களிடமும் அந்தப் பழக்கம் தெரிகிறது என்பதுதான் என் தரப்புக்கு ஒரே பலம்.

அவர் தொட்டதெல்லாம் பொன் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2005இல் 'தி வைசே மாசாய்' நல்ல வசூல். கென்யாவைச் சுற்றுலாக்காரக் கண்ணோடு பார்க்கும் படம், எனக்குப் பிடிக்கவில்லை. 2010இல் ஒரு வாம்பையர் படத்திலும் நடித்திருக்கிறார். 2008இன் 'அனோனிமா' போர் முடிந்த பெர்லினில் சோவியத் வீரர்களால் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் கதை; பாத்திரம் கனமானது, படம் அந்தக் கனத்தைத் தாங்கவில்லை.

2013இல் டாய்ச்சஸ் தியேட்டரிலிருந்து ஷௌபூனேக்கு, இயக்குநர் தாமஸ் ஓஸ்டர்மையரிடம் வந்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் வெளிநாட்டு வாய்ப்புகளும் வந்தன. ஹாம்பர்கில் எடுத்த 'எ மோஸ்ட் வான்டட் மேன்' படத்தில் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மனின் உதவியாளராக வந்தார். அது 2014இல் வெளியானது. அதே வருடம் 'ஹோம்லேண்ட்' நான்காவது சீசன் தொடங்கி ஆறாவது வரை. ஐந்தாவது சீசன் முழுக்க பெர்லினிலேயே எடுக்கப்பட்டது. நீங்கள் கேட்ட துணைப் பாத்திரத்துக்கு இதுதான் காரணம்: அமெரிக்கத் தொடரில் ஜெர்மன் பெண்ணுக்கு எழுதப்படும் இடம் அவ்வளவுதான். அவர் அங்கே நடித்த அதே காலத்தில் பெர்லின் மேடையில் முதன்மைப் பாத்திரம். 2014 தொடக்கத்தில் ஷௌபூனேயின் 'தி லிட்டில் ஃபாக்ஸஸ்' நாடகத்தின் நாயகி அவர்தான்.

ஷௌபூனேயில் நான் பார்த்ததில் மறக்க முடியாதது 'ரிட்டர்னிங் டு ரைம்ஸ்'. தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பிரெஞ்சுச் சமூகவியலாளர் டிடியே எரிபோனின் தன்வரலாற்று நூலை ஓஸ்டர்மையர் மேடையாக்கினார். 2017இல் மான்செஸ்டரில் தொடங்கி பெர்லின் வந்தது. ஒரு ஒலிப்பதிவு அறை, மேலே ஆவணப்படம் ஓடுகிறது, ஹோஸ் மைக் முன்னால் உட்கார்ந்து அதற்குக் குரல் கொடுக்கும் நடிகை. நெடுநேரம் வெறும் வாசிப்புதான். அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. போகப் போக அந்தப் பேச்சு அவருடைய சொந்த அப்பா வில்லி ஹோஸுக்குத் திரும்புகிறது: தொழிற்சாலை, சங்கம், நாடாளுமன்றம், கடைசிக் காலத்தில் அமேசான் காட்டு மக்களுக்காகச் செய்த வேலை. ஒரு நடிகை தன் வீட்டுக் கதையை அழுது வடியாமல் மேடையில் வைப்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு வேகமாகச் சொல்லலாம். 2019இல் 'தாஸ் ஃபோர்ஷ்பீல்' படத்தில் மாணவனைக் கசக்கிப் பிழியும் வயலின் ஆசிரியை. சான் செபாஸ்டியன் விழாவில் சிறந்த நடிகை விருது. அந்தப் படத்துக்காகப் பிடித்துப் பழகிய வயலின் 2022இல் 'டார்' படத்தில் உதவியது. கேட் பிளான்செட்டின் மனைவியும் இசைக்குழுவின் முதல் வயலினும் ஆன ஷாரன். ஆறு ஆஸ்கர் பரிந்துரை வாங்கிய அந்தப் படத்தில் பேசப்பட்டவர் பிளான்செட். ஆனால் ஒத்திகைக் காட்சிகளில் முதல் வயலின் நாற்காலியிலிருந்து ஷாரன் நிமிர்ந்து பார்க்கும் பார்வைகளை மட்டும் தொடர்ந்து போனால், மனைவிக்கு எல்லாம் எப்போதோ தெரிந்துவிட்டது என்பது புரியும். அதே வருடம் 'ஜாக் ரயன்' தொடரில் செக் நாட்டு அதிபர். 2024இல் லண்டன் டான்மார் அரங்கில் செகாவின் 'செர்ரி ஆர்ச்சர்ட்', நாயகி ரனேவ்ஸ்கயா பாத்திரம், முழுக்க ஆங்கிலத்தில். மறு வருடம் அது நியூயார்க் போனது. 2013இல் டாய்ச்சஸ் தியேட்டரில் ஸ்டெஃபான் புக்கர் இயக்கத்தில் ஹெட்டா காப்ளராக நடித்தவர், 2025இல் வந்த 'ஹெட்டா' படத்தில் ஹெட்டாவின் பழைய காதலரான லோவ்பர்க்காக வருகிறார். இப்சன் ஆணாக எழுதிய பாத்திரத்தை அதில் பெண்ணாக்கியிருக்கிறார்கள். ஒரே நாடகத்தில் எதிரும் புதிருமான இரண்டு ஆட்கள், நடுவில் பன்னிரண்டு வருடம்.

எதிலிருந்து பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். 'ஃபீனிக்ஸ்' பார்த்தாயிற்று, அடுத்து 'பார்பரா'. பிறகு 'யெல்லா', ஆனால் முதல் அரைமணி நேரம் பொறுமை வேண்டும், முடிவைப் பற்றி எங்கும் படித்துவிடாதீர்கள். அதற்குப் பின் 'தாஸ் ஃபோர்ஷ்பீல்', உடனே மறுநாள் 'டார்'. லார்ஸ் ஐடிங்கரோடு இரட்டைப் பிறவிகளாக நடித்த 'ஷ்வெஸ்டர்லைன்' (2020) கிடைத்தால் விடாதீர்கள்; ஷௌபூனே மேடையையே கதைக்களமாக்கிய படம் என்பதால், நான் மேலே சொன்ன அந்த அரங்க வாழ்க்கை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு அங்கே கொஞ்சம் தெரியும். 'வோல்ஃப்ஸ்பர்க்' டிவி படம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆங்கில வரிகளோடு கிடைப்பதுதான் சிரமம்.